முடி வளர்க்கும் தைலமும் அதற்குரிய சான்றும்

கண்டியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளை, வாசனைத் திரவியங்களுக்குப் பெயர்பெற்ற நகரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மாவட்டத்தின் மலைச்சாரல்களில் கோப்பி செழித்தது. தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த தொழிலாளர் அதனை வளர்த்தனர். 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் கொக்கோவும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் ஏலமும் அம்மண்ணில் முதன்மை பெற்றன. இன்று மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியின் இருமருங்கிலும் பயணிகளுக்கெனவே அமைந்த வாசனைத் திரவியத் தோட்டங்கள் பலவற்றைக் காணலாம். அங்குள்ள வழிகாட்டி செடிகளைக் காட்டி அவற்றின் குணங்களை விளக்கிய பின், வந்தவர்களை விற்பனைக்கூடத்துக்கு அழைத்துச் செல்வார். அங்கு அடுக்கப்பட்டிருக்கும் பொருள்களுள் இரண்டு கருதத்தக்கவை. ஒன்று உடலின் மயிரை நீக்கும் களிம்பு; மற்றொன்று தலைமுடியை வளர்க்கும் தைலம்.

களிம்பின் ஆற்றலைப் பயணியின் கையிலேயே காட்டுவதுண்டு. சிறிது பூசிச் சில நிமிடங்கள் கழித்துத் துடைத்தால், அவ்விடத்து மயிர் அகன்றுவிடும். கண்ணாற் கண்டதை யார் மறுப்பார்? ஆயினும் அக்காட்சி மெய்ப்பிப்பது யாது? தோலுக்கு மேலிருந்த மயிர் கரைந்தது என்பதை மட்டுமே. மயிரின் வேர் தோலுக்குள் இருக்கிறது. எனவே, "இனி முளையாது" என்று கூறப்படின், அக்கூற்றைச் சில நிமிடக் காட்சி மெய்ப்பிக்காது. களிம்பினால் பெற்ற நம்பிக்கை அடுத்த புட்டியிலுள்ள தைலத்தின்மீதும் படிந்துவிடுவதே இதனிலும் பெரிய சிக்கல். தைலத்தின் பயனை எவரும் அங்கே கண்டதில்லை, காணவும் இயலாது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்வது.

முடியின் இயல்பை அறிந்தால் மயக்கத்தின் காரணம் புலப்படும். மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர்ந்து, மூன்று மாதமளவு ஓய்ந்திருந்து உதிர்கிறது. பின்னர் அவ்விடத்திலேயே புதுமுடி தோன்றுகிறது. கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் மிகப் பல முடிகள் ஒருசேர ஓய்வுநிலை எய்துகின்றன. இரண்டு மூன்று மாதத்தில் அவை கொத்துக்கொத்தாக உதிர்கின்றன. அஞ்சியவர் தைலம் வாங்குகிறார். அடுத்த சில மாதங்களில் முடி பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, இயற்கை செய்த வேலைக்குத் தைலம் புகழ் பெறுகிறது. நன்றியுணர்வோடு சான்று கூறுபவர் பொய்யர் அல்லர். தைலம் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் அறியார், அவ்வளவே.

இவ்வாசை பழமையானது. கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட எகிப்திய எபர்ஸ் ஏட்டில், நீர்யானை, முதலை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பை வழுக்கைக்குப் பூசுமாறு கூறப்பட்டுள்ளது. உரோம வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ், யூலியஸ் சீசர் தம் வழுக்கையை மறைக்கவே இலைமாலையை விரும்பி அணிந்தார் என எழுதினார். ஆயுர்வேத நூல்கள் முடியுதிர்வையும் நரையையும் காலித்தியம், பாலித்தியம் எனப் பெயரிட்டு ஆராய்ந்தன. கையாந்தகரையும் நெல்லியும் சேர்ந்த எண்ணெய்கள் தமிழர் இல்லங்களிலும் சிங்களர் இல்லங்களிலும் நெடுங்காலமாக வழங்குகின்றன. கையாந்தகரைச் சாறு எலிகளின் உரோமத்தை வளர்த்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் எலியின் முதுகு வேறு, மனிதனின் வழுக்கை வேறு. முன்னோர் வழங்கியது என்பது ஒரு மருந்தை ஆராய்வதற்குத் தக்க காரணம். அது பலிக்கும் என்பதற்கு அது மட்டுமே சான்றாகாது.

மெய்ச்சான்று எவ்வாறு திரட்டப்படுகிறது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு நல்ல எடுத்துக்காட்டுகளைத் தந்துள்ளது. மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் மருந்தாக இருந்தது. உட்கொண்டவர்களின் உடலில் மயிர் மிகுந்து வளர்வதை மருத்துவர் கண்டனர். கண்டவுடன் புட்டியில் அடைத்து விற்க அனுமதி கிடைக்கவில்லை. ஒரு பகுதியினருக்கு மருந்துக் கரைசலும், மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாக் கரைசலும், எது எதுவென அறியாதவாறு கொடுக்கப்பட்டன. நான்கு மாத முடிவில், மருந்து பூசிய ஆண்களில் நூற்றுக்கு 26 பேர் ஓரளவு அல்லது அடர்ந்த வளர்ச்சி கண்டதாகக் கூறினர். மருந்தில்லாக் கரைசலைப் பூசியவர்களிலும் நூற்றுக்கு 11 பேர் அவ்வாறே கூறினர்! இந்தப் பதினொருவரே ஊர்தோறும் தைல வியாபாரம் தழைப்பதற்குக் காரணமானவர்கள். 1988 இல் ஐக்கிய அமெரிக்காவில் அம்மருந்து வழுக்கைக்கென அனுமதி பெற்றது. அடுத்து வந்த பினாஸ்டரைட் 1,553 ஆண்களிடம் சோதிக்கப்பட்டது. உச்சந்தலையில் ஓரங்குல வட்டத்திலுள்ள முடிகளை எண்ணியே அதன் பயன் அளக்கப்பட்டது. இவையும் எல்லார்க்கும் பலிப்பன அல்ல. நிறுத்தினால் பயனும் நீங்கும்.

சட்டங்களும் இதனைக் கருத்திற் கொண்டன. இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, வழுக்கையைக் குணப்படுத்துவதாக எம்மருந்தும் உரிமை கொண்டாடலாகாது என்கிறது. 1989 இல் ஐக்கிய அமெரிக்க மருந்து நிர்வாகம், மருத்துவர் சீட்டின்றி விற்கப்பட்ட முடிவளர்ப்புப் பூச்சுகளுக்குப் போதிய சான்றில்லை என விலக்கியது. ஜொஜோபா எண்ணெயும் கோதுமை முளை எண்ணெயும் அவ்விலக்கில் அடங்கின.

இன்று நகரங்களின் அழகுச் சிகிச்சை நிலையங்களில் புதியதொரு முறை விளம்பரம் பெறுகிறது. ஒருவரின் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, குருதிச் சிறுதட்டுகள் மிகுந்த பகுதியைப் பிரித்து, அவர் தலைத்தோலில் ஊசியால் ஏற்றுவர். சில சோதனைகளில் பயன் காணப்பட்டது உண்மையே. ஆனால் அவற்றுட் பல சிறிய எண்ணிக்கையினரிடம் குறுகிய காலம் நடந்தவை. இரத்தத்தைப் பக்குவப்படுத்தும் முறையும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆகவே ஒரு நிலையத்தின் முடிவை மற்றொன்று தனதென்று காட்டுதல் பொருந்தாது. இயந்திரமும் வெள்ளை அங்கியும் புதியன. சான்றைப் பற்றிய கேள்வியோ பழையதே.

இவ்விடயத்தில் பணம் மட்டும் இழக்கப்படுவதில்லை. கேடயச் சுரப்பி நோயாலும் இரும்புச்சத்துக் குறைவாலும் முடி உதிரலாம். சிறுவர் தலையில் படர்தாமரையாலும் திட்டுத்திட்டாக உதிரலாம். தைலத்தை நம்பி மாதங்கள் கழியும்போது, குணப்படுத்தத்தக்க நோய் மறைவில் வளர்கிறது.

மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலேயே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. போரும் பஞ்சமும் சூழ்ந்த காலத்தில், நினைவையும் செவிவழியையும் மட்டும் நம்புதல் தகாதெனத் துறவியர் துணிந்தனர். அவ்வூர் வீதியில் தைலம் வாங்குபவரும் அதே கண்டிப்போடு கேட்கலாம்: எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது? பூசாதவரோடு ஒப்பிடப்பட்டதா? எவ்வளவு காலம்? எண்ணியவர் யார்? அது எங்கே எழுதிவைக்கப்பட்டுள்ளது? விடை கிடைக்குமாயின் விலையைப் பேசலாம். கிடைக்காதவிடத்து, மணமுள்ள எண்ணெய் என்ற அளவில் அதற்குரிய விலையே போதுமானது.