மண்டபத்தில் எழுந்த ஒரு குரல்

1966ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி இரவு, இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரிலுள்ள 'பிறீ ரிறேட் ஹோல்' என்னும் மண்டபத்தில் அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் பாடினார். இறுதிப் பாட்டுக்குச் சற்று முன்னர் சபையிலிருந்து ஒருவர் 'யூதாஸ்!' என்று கூவினார். முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் குருவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயர் அது. பாடகர் சில கணம் வாளாவிருந்தார். பின்னர், 'உன்னை நான் நம்பவில்லை. நீ பொய்யன்' என்னுங் கருத்துப்பட மறுமொழி கூறினார். தம் குழுவினரை நோக்கி, இன்னும் உரக்க வாசிக்குமாறு வசைச்சொல் ஒன்றையும் சேர்த்துப் பணித்தார். இவையனைத்தும் ஒலிநாடாவிற் பதிவாயின.

றொக் இசையுலகில் நேரடி நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகள் எண்ணிறந்தன. பாடகரின் குரலுக்காகவும் வாத்தியக்காரரின் விரற்றிறனுக்காகவும் அவை போற்றப்படுகின்றன. சபையிலிருந்த பெயரறியாத ஒருவரின் ஒற்றைச் சொல்லால் இத்துணைப் புகழ்பெற்ற பதிவு வேறொன்றை நாம் அறியோம். அச்சொல்லைப் பற்றியும், அதனை நினைவுகூர்ந்த இரசிகர்களைப் பற்றியுமே இங்கு ஆராய விரும்புகிறோம். பாடகரின் மேதைமை பற்றி எழுதுவோர் வேண்டிய அளவு உளர். 2016இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசும் கிடைத்துவிட்டது.

முதலில் அம்மண்டபத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். 1819 ஓகஸ்ட் 16ஆந் திகதி, பாராளுமன்றச் சீர்திருத்தங் கோரிப் பல்லாயிரம் நெசவாளரும் தொழிலாளரும் மன்செஸ்ரரின் புனித பீற்றர் திடலிற் கூடினர். அவர்கள் மீது குதிரைப்படை ஏவப்பட்டது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். 'பீற்றர்லூ' எனப் பெயர்பெற்ற அப்படுகொலை நிகழ்ந்த நிலத்திலேதான் 1850களில் இம்மண்டபம் எழுந்தது. 1862 டிசம்பர் 31ஆந் திகதி, பருத்தி வராமையால் வேலையிழந்து பசியோடிருந்த ஆலைத் தொழிலாளர் இங்கே கூடி, அடிமை முறையை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்க வட மாநிலங்களுக்கு ஆதரவு தெரிவித்தனர். அவர்தம் பசிக்கு ஒரு காரணம் வடவர் தென் துறைமுகங்களை முற்றுகையிட்டமையே என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். அடுத்த மாதமே ஆபிரகாம் லிங்கன் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். 1905இல் லிபரல் கட்சிக் கூட்டமொன்றில் எழுந்து நின்று, பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என இரு பெண்கள் வினவினர். கிறிஸ்ரபெல் பாங்கேஸ்ற், அனி கெனி என்னும் அவ்விருவரும் வெளியே இழுத்துச் செல்லப்பட்டுச் சிறையிடப்பட்டனர். சபையிலிருப்போர் வாய்மூடியிருக்க வேண்டும் என்ற வழக்கம் இம்மண்டபத்துக்கு என்றுமே இருந்ததில்லை.

அக்கால இங்கிலாந்தின் நாட்டார் பாடல் இயக்கத்தையும் அறிந்தாலன்றி 'யூதாஸ்' என்ற சொல் விளங்காது. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அவ்வியக்கத்தை வளர்த்தோரிற் பெரும்பாலோர் இடதுசாரிகள். தொழிலாளர் இசைச் சங்கம் 1936இல் அமைந்தது. 1939இல் அதன் வழியே 'ரொப்பிக்' இசைத்தட்டு நிறுவனம் தோன்றியது. ஏ. எல். லொயிட், யுவன் மக்கோல் என்போர் இயக்கத்தின் இரு தூண்கள். மன்செஸ்ரரை அடுத்த சல்போட்டில் 1915இல் பிறந்த மக்கோலின் தந்தையார் இரும்பு வார்ப்புத் தொழிலாளி. சுரங்கத்திலும் ஆலையிலும் கப்பலிலும் உழைத்தோர் பாடிய பாடல்களே மக்களின் உண்மையான இலக்கியம் என்றும், வானொலியிலும் நடனசாலைகளிலும் விற்கப்பட்ட இசை முதலாளிகளின் பண்டம் என்றும் இவர்கள் கொண்டனர். 1961இல் இலண்டனில் மக்கோலும் பெகி சீகரும் தொடங்கிய பாடகர் மன்றத்தில், பாடுவோர் தத்தம் நாட்டுப் பாடல்களையே பாடுதல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. அமெரிக்க இசையின் வெள்ளத்தில் தம் மக்களின் பாட்டு அடிபட்டுப் போய்விடும் என்ற அச்சத்தை நாம் எள்ளி நகையாட முடியாது. ஆயினும் விதி இறுகியபோது இயக்கமும் இறுகியது என்பதை மறைப்பதிற் பயனில்லை. டிலனின் பாடல்களைத் தரங்குறைந்தவை என மக்கோல் 1965இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றிற் கடுமையாகச் சாடினார்.

டிலனோ 1963 ஓகஸ்ட் 28ஆந் திகதி வாஷிங்டனில், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அதே மேடையிற் பாடியவர். ஒற்றைக் கிற்றாரும் வாயிசைக் கருவியும் கொண்டு அநீதியைச் சாடிய இளைஞர் என்றே பிரித்தானிய மாணவரும் தொழிலாளரும் அவரை நெஞ்சில் இருத்தியிருந்தனர். 1965 ஜூலையில் நியூபோட் நாட்டார் பாடல் விழாவில் அவர் மின்கிற்றாரை ஏந்தியதும் பிணக்குத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் பிரித்தானியாவுக்கு அவர் வந்தபோது 'ஹோக்ஸ்' என்னும் குழுவினரையும் அழைத்து வந்தார். றொபி றொபேட்சன், றிக் டாங்கோ, றிச்சட் மனுவல், காத் ஹட்சன் என்னும் கனடியர் நால்வரோடு, மேளம் வாசிக்க மிக்கி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர் இருந்தார். குழுவின் பழைய மேளக்காரர் லெவன் ஹெல்ம் சபையோரின் ஏளனத்தைத் தாங்கமாட்டாது முந்திய நவம்பரிலேயே விலகிச் சென்றிருந்தார். 1968இல் 'த பான்ட்' என்ற பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டுப் பெரும் புகழ் ஈட்டியவர்கள் இக்குழுவினரே.

மன்செஸ்ரரில் நிகழ்ச்சி இரு பாதியாக நடந்தது. முற்பாதியில் டிலன் தனித்து நின்று பாடினார். சபை மூச்சடக்கிக் கேட்டது. பிற்பாதியிற் குழுவினர் மின்வாத்தியங்களுடன் வந்தனர். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியிற் கைதட்டல் எழுந்தது. ஆனால் அது வேறு வகைக் கைதட்டல். எல்லாரும் ஒரே தாளத்தில் மெல்ல மெல்லத் தட்டுவது ஆங்கிலச் சபைகளில் வெறுப்பைக் காட்டும் மரபு. அதனை அடக்க டிலன் கையாண்ட உபாயம் ஒலிப்பதிவில் நன்கு கேட்கிறது. ஒலிவாங்கியின் அருகில் நின்று, பொருளற்ற ஏதோ கதையைத் தாழ்ந்த குரலில் முணுமுணுக்கத் தொடங்குகிறார். என்ன சொல்கிறார் என்று கேட்கும் ஆவலில் தட்டுவோர் ஓய்கின்றனர். சத்தம் அடங்கியதும், நீங்கள் இவ்வளவு பலமாகத் தட்டாதிருந்தால் நன்று என்று முடிக்கிறார். சபை சிரித்து ஆரவாரிக்கிறது. சிறு துண்டொன்றை எழுதி மேடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள் ஒரு பெண்; குழுவினரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று அதில் எழுதப்பட்டிருந்ததாகப் பின்னர் கூறப்பட்டது. ஆக, பகைவர் கூட்டமொன்று பாடகரைத் தாக்கியது என்று எண்ணுதல் தவறு. பாடகருக்கும் சபைக்கும் இடையே ஒரு வழக்காடல் நடந்தது. அதன் உச்சத்திலேதான் அச்சொல் எழுந்தது.

இனி, ஒலிநாடாவின் கதை. இசைத்தட்டு நிறுவனம் பதிந்து வைத்திருந்த அந்நாடா எவ்வாறோ வெளியே கசிந்து, 1970களின் தொடக்கத்திலிருந்து உரிமையற்ற களவுத் தட்டாக உலாவியது. அதன் உறையில் இலண்டன் 'றோயல் அல்பேட் ஹோல்' என்ற பெயர் காணப்பட்டது. டிலன் அங்கே பாடியது மே 26, 27ஆந் திகதிகளில், நாடாவோ மன்செஸ்ரருடையது. ஆயினும் முப்பதாண்டுக் காலத்துக்குச் சற்றுக் குறைய இரசிகர் பலர் அதனை இலண்டன் நிகழ்ச்சியென்றே நம்பினர். தொழிலாளர் நகரத்தின் குரல் இளவரசர் ஒருவரின் பெயர் தாங்கிய மண்டபத்துக்கு எழுதிவைக்கப்பட்டது. தலைநகரம் எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்ளும் வழக்கம் எங்கும் உள்ளதே. 1998இல் நிறுவனம் முறைப்படி அதனை வெளியிட்டபோதுகூடப் பழைய பிழைப்பெயரை மேற்கோட் குறிக்குள் இட்டு அப்படியே வைத்துக்கொண்டது. பிழையும் ஒரு வணிகக் குறியாகிவிட்டது போலும்.

அதே ஆண்டில் சி. பி. லீ என்பவரின் நூலொன்று வெளியாயிற்று. பள்ளி மாணவராக அன்று அம்மண்டபத்தில் இருந்தவர் அவர். தம் நினைவை மட்டும் நம்பாது, அன்று அங்கிருந்தோரைத் தேடி, அவர்தம் நினைவுகளையும் சேர்த்து எழுதினார். வரலாற்றாசிரியர்கள் மேடையை நோக்கிய காலத்தில் சபையை நோக்கித் திரும்பியமை அவர் செய்த நற்பணி.

அதன்பின் நடந்தது விந்தையானது. அக்குரல் தம்முடையதே என்று ஒருவர் முன்வந்தார். சிறிது காலத்தில், இல்லை, என்னுடையது என்று மற்றொருவர் வந்தார். யார் சொன்னது உண்மை என்ற ஆராய்ச்சியிற் பத்திரிகைகள் ஈடுபட்டன. நமக்கு அது முக்கியமன்று. தாம் கூவியதற்கு அவர்கள் கூறிய காரணங்களே முக்கியமானவை. தாம் நேசித்த பழைய பாடல்களை அவர் சிதைத்ததைத் தாங்க முடியவில்லை என்றார் ஒருவர். மின்வாத்தியம் வாசித்தமையன்று, அதன் ஒலி மிக மோசமாக இருந்தமையும் அலட்சியமாகப் பாடியமையுமே தம்மைச் சினங்கொள்ளச் செய்தன என்றார் மற்றவர். அம்மண்டபத்திற் கேட்டது குழைந்துபோன ஓர் ஓசைச் சுவரே என்பது அவர் கூற்று. கட்சியின் பெயரோ கொள்கையின் பெயரோ இருவர் வாயிலும் முதன்மை பெறவில்லை.

இவ்விடத்தில் எமது வகுப்பறைச் செய்தியொன்றைக் கூறுதல் தகும். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வொலிப்பதிவைத் தன் கைத்தொலைபேசியில் எமக்குக் கேட்கத் தந்தான். யூதாஸ் என்ற குரல் வந்ததும், 'சேர், அந்தாளுக்குப் பாட்டு விளங்கேல்லை' என்று சொல்லிச் சிரித்தான். உலகெங்கும் எழுதப்பட்டுள்ள கதையும் அதுவே: மேதை ஒருவர் முன்னே சென்றார், குறுகிய மனமுடைய இடதுசாரிகள் பின்னே நின்று கூச்சலிட்டனர். அன்று நாம் மாணவனுக்கு மறுமொழி கூறவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. நாங்கள் இருவரும் கேட்டது, சபையிலிருந்தோர் கேட்ட இசையன்று. மேடையிலிருந்த ஒலிவாங்கிகளிலிருந்து நேரே நாடாவுக்குச் சென்று, பின்னர் நிறுவனத்தாற் செப்பஞ்செய்யப்பட்ட இசை அது. அதிற் கிற்றார் வேறு, ஓர்கன் வேறு, சொல் வேறாகத் தெளிவாகக் கேட்கின்றன. கூட்டங்களுக்கும் ஹலே வாத்தியக் குழுவின் இசைக்கும் பயன்பட்டுவந்த அம்மண்டபம், மின்வாத்தியங்களின் பேரொலியை எண்ணிக் கட்டப்பட்டதன்று. சொல்லுக்காகவே டிலனை நேசித்துப் பணங் கொடுத்து வந்தவருக்குச் சொல்லே கேட்கவில்லையானால், அவர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் வியப்பென்ன? நாடா பொய் சொல்லவில்லை. ஆனால் அது மேடையின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது.

இரசிகரின் நினைவை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. அதே கட்டிடத்தின் மேல்மாடிச் சிறு மண்டபத்தில் 1976 ஜூன் 4ஆந் திகதி 'செக்ஸ் பிஸ்ரல்ஸ்' என்னும் குழு வாசித்தது. வந்திருந்தோர் சில பத்துப் பேரே. இன்றோ அங்கிருந்ததாகச் சொல்வோரைச் சேர்த்தால் பெரிய மண்டபமும் கொள்ளாது. அவ்வாறு சத்தியஞ் செய்வோரைப் பற்றியே டேவிட் நோலன் ஒரு நூல் எழுத நேர்ந்தது. நினைவு ஆசையுடன் கலந்தது. முப்பதாண்டு கழித்து, எல்லாரும் மேதை என்று ஒப்புக்கொண்ட ஒருவரை இகழ்ந்ததற்குக் காரணங் கேட்கப்பட்டால், கொள்கையைச் சொல்ல வெட்கி ஒலிபெருக்கியின் மேற் பழியைப் போடுவதும் மனித இயல்பே. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கவேண்டும்.

மக்கோலைப் பற்றி இன்னுமொன்று சொல்லாமல் விடமுடியாது. 1958இல், சாள்ஸ் பாக்கர், பெகி சீகர் ஆகியோருடன் சேர்ந்து பி.பி.சி. வானொலிக்காக அவர் ஒரு நிகழ்ச்சி அமைத்தார். தடுப்புப் பழுதாகிய புகைவண்டியை விட்டுக் குதியாது உயிர்நீத்த ஜோன் அக்ஸன் என்னும் சாரதியின் கதை அது. நடிகரை அமர்த்தாது, அவருடன் வேலைசெய்த தொழிலாளரின் பேச்சை ஒலிநாடாவிற் பதிந்து, அக்குரல்களையே ஒலிபரப்பச் செய்தனர். சாதாரண மனிதனின் வாய்ச்சொல் வரலாற்றுச் சான்றாகும் என்று பிரித்தானிய வானொலிக்கு உணர்த்தியோருள் முன்னிற்பவர்கள் இவர்களே. டிலனை மக்கோல் தவறாக மதிப்பிட்டார் என்பதே எமது துணிபு. ஆனால் மன்செஸ்ரர் நாடாவை எவ்வாறு கேட்கவேண்டும் என்பதை அவரிடமிருந்தே கற்க வேண்டியிருக்கிறது. அந்நாடாவில் ஊதியம் பெறாத, ஒத்திகை பாராத குரல்கள் சபையோருடையவை மட்டுமே.

'துரோகி' என்னுஞ் சொல் எத்துணை எளிதில் நாவில் எழும், எத்துணை அரிதில் மீளப்பெறப்படும் என்பதை எம் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அச்சொல்லைக் கூவியவர் செய்தது சரியென்று நாம் கூறோம். அவரைக் கேலிப்பொருளாக்கி, அவர் கொடுத்த அனுமதிச் சீட்டுப் பணத்தையும், நெஞ்சில் வைத்திருந்த நம்பிக்கையையும், அன்று அவர் காதில் விழுந்த இரைச்சலையும் கணக்கில் எடாது எழுதப்படும் இசை வரலாற்றையே மறுக்கிறோம்.

மண்டபம் இன்று இசைக்கூடமாக இல்லை. ஹலே குழு 1996இல் வேறிடம் சென்றது. பழைய முகப்பை வைத்துக்கொண்டு 2004இல் அது உல்லாச விடுதியாயிற்று. அவ்வாண்டுப் பயணத்தில் எஞ்சிய ஒலிநாடாக்களெல்லாம் 2016இல் 36 குறுந்தட்டுகளாக வெளிவந்துவிட்டன. மன்செஸ்ரர்ப் பதிவில், 'யூதாஸ்' என்ற குரலை அடுத்துச் சிரிப்பும் கைதட்டலும் எழுகின்றன. அவற்றினிடையே இன்னொருவர் ஏதோ உரக்கச் சொல்கிறார். இனி உன் பாட்டைக் கேட்கவே மாட்டேன் என்கிறார் போலும். சொற்கள் தெளிவாக இல்லை. அக்குரல் தம்முடையது என்று உரிமைகொண்டாடி எவரும் வந்ததாக நாம் அறியோம்.