சம்பளமும் குடிக்கூலியும்

சம்பளத்தில் எத்தனை பங்கை வீட்டுக்கென்று கொடுப்பது? தோட்டத் தமிழனுக்கு இக்கேள்வி நெடுங்காலம் எழவேயில்லை. இரப்பர்த் தோட்டத்து லயத்திற்கு வாடகை கிடையாது. ‘இனாம் வீடு’ என்று நம்மவர் அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாகிய யாம் கூறுவது இது: அவ்வாடகை வெள்ளியாக வாங்கப்படவில்லை, வேறிடம் நாடிச் செல்லும் சுதந்திரமாக வாங்கப்பட்டது.

தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூர் நகரை அடைந்தவனுக்கோ வாடகை புதுச் சங்கடமாயிற்று. கடைவீட்டு மாடிகளைப் பலகையால் தடுத்து அறை அறையாக விட்ட காலம் அது. யுத்தத்திற்குப் பின் 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1939-இன் அளவிலேயே நிறுத்திற்று. நல்ல நோக்கந்தான். ஆயினும் அதன் பயன் பெரிதும் தலைக்குடித்தனக்காரனோடு நின்றது. அவனிடம் உள்ளறை எடுத்த ஏழைக்கு எட்டியது சிறிதே. வாடகை ஏறாத வீட்டைச் செப்பனிட உடையவனும் முன்வரவில்லை.

இந்த அநீதி சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. வருமானம் குறையக் குறைய வாடகை விழுங்கும் பங்கு பெருகும் என்று, பெர்லின் நகரப் புள்ளிவிவர அதிகாரியான ஷ்வாபே என்பார் 1868-இலேயே கணக்கிட்டுக் காட்டினார்.

சிங்கப்பூர் இம்புரூவ்மென்ட் டிரஸ்ட் 1927 முதல் கட்டிய வீடுகள் தேவைக்கு எம்மாத்திரம்? 1960-இல் அதனிடத்தில் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60 என வாடகை வகுத்தது. மாதம் 100 வெள்ளி ஈட்டும் தொழிலாளி ஐந்திலொரு பங்கு கொடுத்தால் தண்ணீரும் விளக்கும் உள்ள ஓரறை வீடு கிடைத்தது. கூலியை முன்வைத்து வாடகையை வகுத்தது, எம் கருத்தில், அந்நாளைய பெருஞ் சீர்திருத்தம்.

நிற்க. 1964-இல் வீட்டை விலைக்கே கொடுக்கும் திட்டம் வந்தது. 1968 முதல் அதற்கு மத்திய சேம நிதியைச் செலுத்தவும் இடமுண்டாயிற்று. வாடகை தவணையாக மாறிற்று. அதுவும் கைக்கு வராமலே கழிந்தமையால், எவ்வளவு போகிறது என்பதே பலருக்குக் கண்ணில் படாமற் போயிற்று.

இன்று செங்காங்கைக் காண்மின். முன்னாளில் இரப்பரும் அன்னாசியும் விளைந்த நிலம். 1990-களில் நகரமாக எழுந்தது. 2003-இல் இரயிலும் வந்தது. பால்மரம் நின்ற மண்ணில், பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளும் அடுக்குமாடியில் வாழ்கின்றனர். அங்கே கழக வீடு வாங்கக் கடன் பெறுவோரின் மாதத் தவணை, மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 30-ஐத் தாண்டலாகாது என்பது 2013-இல் வந்த விதி. இதனைப் பலர் ‘முப்பது வரை கொடுக்கலாம்’ என்னும் புத்திமதியாகக் கொள்கின்றனர். அது கடன் கொடுப்போன் இட்ட எல்லை. குடும்பத் தலைவி இட்ட எல்லையன்று. பதினாயிரம் வெள்ளி ஈட்டுவோன் மூவாயிரம் கொடுத்தாலும் ஏழாயிரம் மிஞ்சும். இரண்டாயிரத்தைந்நூறு பெறுவோனுக்கு மிஞ்சுவது ஆயிரத்தெழுநூற்றைம்பது. அரிசிக்கடைக்காரன் இருவருக்கும் ஒரே விலைதானே சொல்வான்? ஆகையால் மிஞ்சுவதை முதலில் எண்ணி, பிறகு வாடகையை எண்ணுவதே முறை.

வாடகைக்கு இருப்போன் நிலை இன்னும் இக்கட்டானது. சேம நிதியை வாடகைக்குச் செலுத்த இயலாது. சம்பளத்தில் நூற்றுக்கு 20 அந்நிதிக்குப் போனபின், 2,500 வெள்ளிக்காரன் கையில் 2,000-தான் வரும். அதில் 750 கொடுத்தால் நூற்றுக்கு முப்பத்தேழரை ஆயிற்று. வெளிச்சந்தையில் அறை தேடும் அவனுக்கு எல்லை வகுப்பார் எவருமில்லை. 1947-இன் சட்டமும் 2001-இல் நீக்கப்பட்டது.