கொட்டியாரக்குடாவின் அடியில்: திருகோணமலைக் கடலை ஒன்றாகப் படிப்பதன் தேவை

இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை சராசரியாக இருபது கிலோமீற்றர் அளவே அகலமானது. திருகோணமலையில் அதுவும் இல்லை. கொட்டியாரக்குடாவின் வாயிலேயே கடலடி பிளந்து ஒரு பெரும் பள்ளத்தாக்காகிறது. அது கிழக்கே இறங்கிச் சென்று, 3,000 மீற்றருக்கும் கீழே வங்காள விரிகுடாவின் ஆழ்கடல் வண்டல் விசிறியைச் சேர்கிறது. மூதூரிலும் சல்லியிலும் கரைவலை இழுக்கும் இடத்திலிருந்து சிறு வள்ளத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஆழ்கடல் இருக்கிறது. உலகில் வெகு சில துறைமுகங்களுக்கே இந்த அமைப்பு வாய்த்திருக்கிறது.

திருகோணமலைக் கடலைப் பற்றிய ஆய்வுகள் குறைவானவை அல்ல. ஆனால் திமிங்கிலத்தைப் பார்த்தவர் மணலைப் பார்க்கவில்லை. மணலை அளந்தவர் முருகைக்கல்லைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்தப் பிரிவினை வெறும் நிர்வாக வசதிக் குறைவு அன்று, அறிவியல் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்குள்ள உயிரினங்களின் பரம்பலைக் கடலடியின் வடிவமும் வண்டலின் ஓட்டமும் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஆகவே புவிச்சரிதவியலைப் பின்னிணைப்பாக வைத்துக்கொண்டு எழுதப்படும் உயிரியல் பாதி விடையையே தரும்.

பள்ளத்தாக்கின் தோற்றத்திலிருந்து தொடங்கலாம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை பளிங்குருவான பழம்பாறை. உயர்நிலத் தொகுதி எனப்படும் பாறைத் தொகுதியின் வடகிழக்கு முனையைச் சேர்ந்தது. கொண்ட்வானாப் பெருங்கண்டம் உடைந்து, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்கா விலகத் தொடங்கியபோது உருவான விளிம்பே இன்றைய கிழக்குக் கரை. விளிம்பு முறிந்த இடம் என்பதால்தான் மேடை ஒடுங்கியிருக்கிறது. பாறைப் பிளவுகளும், கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிகளில் மகாவலி இன்னும் வெளியே ஓடி அறுத்த தடமும், வண்டல் சரிவுகளின் அரிப்பும் சேர்ந்தே பள்ளத்தாக்கை ஆக்கின என்று கொள்வது பொருத்தமானது. 1964 இல் ஸ்டுவர்ட், ஷெப்பர்ட், டீட்ஸ் ஆகியோர் கிழக்கிலங்கையின் கடலடிப் பள்ளத்தாக்குகளைப் பற்றி எழுதியது, சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் நடந்துகொண்டிருந்த காலத்தில். அக்காலத்து ஒற்றைக் கதிர் ஒலியளவீட்டுக்கு அது பெரிய சாதனை. இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் அது ஒரு முதல் வரைபடம் மட்டுமே.

உயிரியல் பக்கத்தின் வரலாறு இதைவிடப் பழையது. இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1850களின் பிற்பகுதியில் திருகோணமலையில் பணியாற்றியபோது, ஓடற்ற கடல்நத்தைகளைச் சேகரித்து, உயிரோடு இருக்கையிலேயே நிறம் தீட்டி வரைவித்தார். இறந்ததும் நிறமும் உருவும் இழந்துவிடும் உயிரினங்கள் அவை. ஆகவே அந்த ஓவியங்களே சான்று. 1906 இல் சார்ள்ஸ் எலியட் அவற்றை வைத்துக்கொண்டு அந்த இனங்களை மீளாய்வு செய்தார். தம்பலகாமக் களப்பின் தட்டைச் சிப்பிகளையும், அவற்றில் விளையும் சிறு முத்துகளையும் கெலார்ட் ஆராய்ந்தார். பின்னர் ஜேம்ஸ் ஹோர்னலும் ஆராய்ந்தார். களப்பின் சேற்றுத் தரையை நம்பியே வாழும் சிப்பி அது. தரை மாறினால் சிப்பி போய்விடும் என்பதால், அதை ஆராய்ந்தவர்கள் சேற்றையும் உப்புத்தன்மையையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பின்வந்த தலைமுறைகளில் துறைகள் பிரிந்தபோது இந்தப் பழக்கம் விட்டுப்போனது.

பள்ளத்தாக்கின் பெயரை உலகறியச் செய்தவை திமிங்கிலங்கள். 1979 இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவுடன் ‘டியூலிப்’ என்ற பாய்க்கப்பலில் ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலியோர் 1982 முதல் 1984 வரை இக்கடலில் பணி செய்தார்கள். எண்ணெய்த் திமிங்கிலங்களை அவற்றின் சொடுக்கொலியால் பின்தொடர்ந்தார்கள். துறைமுக வாயிலுக்கு வெளியே, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், நீலத்திமிங்கிலங்கள் இரை தேடுவதைக் கண்டார்கள். ஒவ்வொன்றையும் உடற்புள்ளிகளின் அமைப்பைக் கொண்டு அடையாளப்படுத்தினார்கள். அவை பள்ளத்தாக்கை ஒட்டிய நீரில் கூடியதைப் பதிந்தார்கள். இதற்கு முன் 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றிருந்தன. அந்த அழிவுக்குப் பிறகு எஞ்சியவற்றின் முதல் நேரடிக் கணக்கெடுப்புகளில் ஒன்று திருகோணமலையில் நடந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பிறகு உள்நாட்டுப் போர். 1980களின் நடுப்பகுதியில் தேசிய நீரியல் வள நிறுவனமான நாரா ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தோடு சேர்ந்து நடத்திய கடற்பாலூட்டி ஆய்வுக்குப் பின் வடகிழக்குக் கடல் ஏறத்தாழ மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்து கடல் திறந்தபோது ஆய்வின் மையம் தெற்கே, மிரிஸ்ஸவுக்கு நகர்ந்திருந்தது. அஷா டி வோஸும் அவரது சக ஆய்வாளர்களும் அங்குதான் இந்த நீலத்திமிங்கிலங்களின் உணவை ஆராய்ந்தார்கள். மற்றக் கடல்களில் கிரில்லைத் தின்னும் இவ்வினம், இங்கே பெரும்பாலும் செர்ஜெஸ்டிட் என்னும் ஆழ்நீர் இறால்களைத் தின்கிறது என்று 2018 இல் காட்டினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. மிரிஸ்ஸவுக்கு எதிரே திருகோணமலையில் உள்ளது போன்ற பள்ளத்தாக்கு கரையை ஒட்டி இல்லை. அங்கும் திமிங்கிலங்கள் வருகின்றனவே, பள்ளத்தாக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? விடையின் ஒரு பகுதி, இரு இடத்திலும் மேடை ஒடுங்கியிருப்பது. செர்ஜெஸ்டிட் இறால் பகலில் ஆழத்தில் தங்கி இரவில் மேலேறும். ஆழம் கரைக்கு அருகே வந்தால் இரையும் அருகே வரும். மறுபகுதி பருவக்காற்று. வாடைக் காலத்தில் கிழக்குக் கரையோட்டம் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரைத் தெற்கே தள்ளுகிறது. தென்மேற்குப் பருவத்தில் தீவின் கிழக்கே ‘இலங்கைக் குவிமாடம்’ என்று கடலியலாளர் அழைக்கும் குளிர்நீர் மேலெழுச்சி உருவாகிறது. ஆகவே பள்ளத்தாக்கு தனியொரு காரணி அன்று. ஆனால் எந்தப் பருவத்தில் எந்தச் சரிவில் ஊட்டச்சத்து மேலேறுகிறது என்பதை அளக்காமல் அதைத் தள்ளிவிடவும் முடியாது. அந்த அளவீடு தொடர்ந்து நடப்பதில்லை என்பதே குறை.

புறாத்தீவு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. நிலாவெளிக்கு எதிரே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் உள்ள இச்சிறு தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் முட்கிரீட நட்சத்திரமீன் பெருகித் திருகோணமலையின் முருகைக்கற்களைத் தின்றது. 1998 இல் இந்து சமுத்திரமெங்கும் முருகைக்கற்கள் வெளிறியபோது ஹிக்கடுவையும் கற்பிட்டியின் பார்த்தொடரும் பெரிதும் அழிந்தன. திருகோணமலைப் பார்கள் மட்டும் பெரும்பாலும் தப்பின.

ஏன் தப்பின? சூழலியலாளர் வெப்பநிலையைச் சொல்வர். அந்த வெப்பநிலையை ஆழம், நீரோட்டம், மேலெழுச்சி எல்லாம் சேர்ந்தே ஆக்குகின்றன. அவற்றைப் புவிச்சரிதவியல் வரைபடம் இல்லாமல் விளக்க இயலாது. இந்தப் பாதுகாப்பு நிலையானதா, தற்செயலா என்று தெரியாமல் புறாத்தீவுக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதுவது பொறுப்பான செயல் ஆகாது. டைனமைட் வெடியும் கட்டுப்பாடற்ற சுற்றுலாக் காலடியும் ஏற்கெனவே அந்தப் பார்களை நொறுக்கிக்கொண்டிருக்கின்றன.

மண்ணின் கதை மகாவலியில் தொடங்குகிறது. 335 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு தீவின் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு நிலத்தின் நீரையும் வண்டலையும் கொட்டியாரக்குடாவில் சேர்க்கிறது. 1970களின் பிற்பகுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின்கீழ் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகிய பெருநீர்த்தேக்கங்கள் 1980களில் எழுந்தன. வடக்கே யான் ஓயாவிலும் அண்மையில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அணை தடுப்பது தண்ணீரை மட்டும் அன்று, மணலையும்தான்.

அந்த மணலின் மறுமுனை புல்மோட்டை. உள்நாட்டுப் பளிங்குருப் பாறைகள் சிதைந்து ஆறுகளில் வந்த கனத்த தாதுக்களை அலை சலித்துக் கரையில் குவிக்கிறது. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் நிறைந்த கறுப்பு மணல் அது. இதைத் தோண்ட 1957 இல் கனியமணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் புதிய மணலைக் கொண்டுவந்து நிரப்புவதாலேயே இத்தொழில் நீடித்தது. மேலே அணை, கீழே அகழ்வு என்ற நிலையில் வரவும் செலவும் ஒத்துப்போகின்றனவா? கரையில் ஆமை முட்டையிடும் மணலும், கரைவலைப் பாடுகளும், முருகைக்கல்மேல் படியும் நுண்சேறும் ஒரே வரவுசெலவுக் கணக்கின் வெவ்வேறு வரிகள். அந்தக் கணக்கு முழுதாக எழுதப்படவேண்டும்.

2004 டிசம்பர் 26 கடலடி வடிவத்துக்கு இன்னொரு பொருள் கொடுத்தது. ஆழிப்பேரலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழமான பள்ளத்தாக்கின் மேல் அது விரைந்து செல்லும், இருபுற மேட்டில் தாமதிக்கும். அதனால் அலைமுகப்பு வளைந்து, ஆற்றல் மேடுகளை நோக்கித் திரும்பும். உள்துறைமுகம் ஒப்பீட்டளவில் தப்பியதும், கிண்ணியாவும் மூதூரும் கொடூரமாகத் தாக்கப்பட்டதும், கிண்ணியா வைத்தியசாலை அழிந்ததும் இந்த விதியோடு பொருந்துகின்றன. கரையின் தாழ்வு, வீடுகளின் நெருக்கம் ஆகியவையும் காரணமே. எது எவ்வளவு என்று பிரித்தறிய நுணுக்கமான ஆழ வரைபடம் வேண்டும். ஆராய்ச்சி என்பது இங்கே உயிர்காக்கும் வேலை.

பிறகு ஏன் இந்த ஒருங்கிணைந்த ஆய்வு நடக்கவில்லை? பண வறுமை ஒரு காரணம். மற்றொன்று துறைமுகத்தின் போர்மதிப்பு. ஆங்கிலேயக் கடற்படைக் காலத்திலிருந்து இங்கே ஆழத்தின் அளவு படைத்துறை நோக்கிலும் பார்க்கப்பட்டது. அண்மையில் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களின் வருகை அயல்நாட்டு அரசியலில் சிக்கியதால் 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு அவற்றுக்கு இலங்கை தடை விதித்தது. நோர்வேயின் ‘பிரிட்ஜொவ் நன்சன்’ கப்பல் 1978–80 இலும் 2018 இலும் செய்த மீன்வள அளவீடுகள் எவ்வளவு பயன்பட்டன என்பதை எண்ணிப்பார்த்தால், வருகைக் கப்பல்களை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும். நாற்பது ஆண்டு இடைவெளியில் இரு படங்கள் கிடைக்கும். இடையில் நடந்தது கிடைக்காது.

வேண்டியது பெரிய கப்பல் அன்று. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. நாராவின் ஆய்வாளர்களும், காற்றையும் நீரோட்டத்தையும் தலைமுறையாக அறிந்த மீனவர்களும் இருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் தலைப்பகுதி, புறாத்தீவு, மகாவலி முகத்துவாரம், புல்மோட்டைக் கரை ஆகிய நான்கிலும் வெப்பநிலை, உப்புத்தன்மை, கலங்கல், மணல்மட்டம் ஆகியவற்றை ஆண்டு முழுதும் பதியும் நிலையம் ஒன்று இங்கேயே அமையவேண்டும். தரவு தமிழிலும் சிங்களத்திலும் பொதுவில் வெளிவரவேண்டும். படைத்துறைக்கு உரிய நுண்விவரம் இருந்தால் அதைத் தனியே பிரித்து வைக்கலாம். வெப்பமும் சேறும் இரகசியம் ஆகா. நிலையத்தின் முதல் வேலைகளுள் ஒன்றாக, 1980களில் எடுத்த நீலத்திமிங்கிலப் படங்களை இன்று தெற்கிலும் கிழக்கிலும் எடுக்கப்படும் படங்களோடு ஒப்பிடலாம். எண்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய விலங்கு இது; அன்று பள்ளத்தாக்கின் மேல் இரை தேடியவற்றுள் சில இன்னும் அதே நீருக்கு வருகின்றனவா என்பதற்கு விடை காண அந்த ஒப்பீடு உதவும்.