எட்டாயிரம் சுத்து

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு இது. எலெக்ட்ரிக் கிதார் பத்தினது. கிதாரைத் தொட்டே பார்க்காதவங்களும் தைரியமாப் படிக்கலாம், எனக்கும் வாசிக்கத் தெரியாது :-)

என் மாமா ஒரு காலத்தில் ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் லீட் கிதார் வாசித்தவர். கிதார் பைத்தியம் அவரைப் பிடித்தது சினிமாக் கொட்டகையில். சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1963-ல் அவர் மறைந்த பிறகும் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்'னு ஜெய்சங்கர் படங்கள். இரண்டுக்கும் வேதா இசை. "துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடி கிதார் வந்துரும்டா" என்பார் மாமா. அந்த மோஸ்தரைக் கிளப்பிவிட்டது 1962-ல் வந்த முதல் ஜேம்ஸ்பாண்ட் படம். அதில் அந்தப் புகழ்பெற்ற டைட்டில் இசையை விக் ஃப்ளிக் வாசித்தது, டி ஆர்மண்ட் பிக்கப் மாட்டிய ஒரு பழைய கிதாரில்.

பிக்கப்னா என்ன? தந்திகளுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டை இருக்கும் பாருங்க, அதுதான். உள்ளே காந்தம். அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து காப்பர் கம்பி. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலையும், காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சமாச்சாரம். பித்தளை வாத்தியங்களுக்கு நடுவில் கிதார் சத்தம் யார் காதிலும் விழாததால், ஜார்ஜ் பீச்சம் என்ற அமெரிக்கர் இதைக் கிதாருக்குக் கொண்டுவந்தார். 1932-ல் விற்பனைக்கு வந்த அவருடைய கிதாருக்கு உருவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பட்டப்பெயர். காப்புரிமை கிடைத்தது 1937-ல்.

அதே 1937-ல்தான் மேட்டூர் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இதுக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு. கரண்ட் வந்ததும் நம்ம பக்கம் கிணத்துக்குக் கிணறு மோட்டார் வந்தது. மோட்டார் வந்தால் காயில் எரியும். காயில் எரிந்தால் வைண்டிங் கடை வேணும். மாமாவின் கிதாரில் ஒரு பிக்கப் ஊமையாகிப் போனபோது, நான் போய் நின்றது நாமக்கல்லில் அப்படி ஒரு கடையில்தான்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தேன். கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது. எப்படியும் புதுசாத்தானே சுத்தப்போறோம்னு பிளேடால் ஒரே கீறாகக் கீறி, பழைய காயிலைப் பிய்த்துக் குப்பையில் போட்டாச்சு.

கடை அண்ணன் காலிக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய சுத்து எத்தனைங்க தம்பி?"

"தெரியாதுண்ணா."

"எரிஞ்ச மோட்டாரா இருந்தாலும் சுத்தை எண்ணிக் குறிச்சுக்கிட்டுத்தானுங்க அவுப்போம். நீங்க அறுத்துப்போட்டு வந்துட்டீங்களே!"

இது எவ்வளவு பெரிய தப்புன்னு அப்புறம் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. சுத்து கூடினால் சத்தம் கூடும், ஆனால் கீச்சுப் பக்கம் மழுங்கி நடுஸ்தாயி தடிக்கும். குறைந்தால் தெளிவு வரும், தெம்பு போயிரும். கம்பியின் எனாமல் எவ்வளவு தடிமன், எவ்வளவு இறுக்கமாகச் சுத்தினார்கள், வரிசையாகவா தாறுமாறாகவா என்பதெல்லாம் கம்பிகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸை மாற்றும். அதோடு கீச்சும் மாறும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வயரின் நீளம்கூடக் கணக்கில் உண்டு. காந்தம் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆல்நிகோ. அதிலும் ரகங்கள். ரொம்ப பலமான காந்தத்தைத் தந்திக்குப் பக்கத்தில் வைத்தால் அது தந்தியையே இழுத்து சுருதியைக் கெடுக்கும்.

1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் ஒரு பிக்கப்புக்குச் சுமார் 8,000 சுத்து. கம்பி 42 கேஜ் அமெரிக்கக் கணக்கு, நம்மூர் கணக்கில் கிட்டத்தட்ட 46. அதாவது 0.06 மில்லிமீட்டர், தலைமுடி மாதிரி. மோட்டார் கடையில் அது எப்படி இருக்கும்? இருந்த 38 கேஜில் அண்ணன் சுத்தினார். ஆயிரத்துச் சொச்சம் சுத்திலேயே கட்டை நிரம்பிவிட்டது. மாட்டிப் பார்த்தால் கொசு பாடுவது மாதிரி சத்தம். பிறகு சேலத்தில் ரிலே காயில் கட்டுகிறவர் ஒருவரிடம் மெல்லிசுக் கம்பி வாங்கி வந்தேன். நாலு முறை அறுந்து, அஞ்சாவது முறை 7,800 சுத்து ஏறியது. வழக்கம்போல வார்னிஷில் முக்கிச் சூடு பண்ணலாம்னார். பிளாஸ்டிக் உருகிடும்ணான்னு கும்பிட்டு நிறுத்தி, மெழுகில் முக்கினோம். அன்றைக்கு ஃபெண்டரிலும் மெழுகுதான். இல்லாவிட்டால் சுத்துகள் தளர்ந்து அதிர்ந்து 'கீ'ன்னு கத்தும்.

மாமா வாசித்துப் பார்த்தார். "கிதார் வந்துருச்சுடா. பழைய சத்தந்தான் வரல." டியூப்லைட் பக்கத்தில் போனதும் 'ங்ங்ங்' என்றது. "இது மட்டும் அப்படியே இருக்கு" என்று சிரித்தார். ஒற்றைக் காயில் பிக்கப் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இதை ஒழிக்க கிப்ஸன் கம்பெனியின் செத் லவர், எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு காயிலைச் சேர்த்து 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் சத்தம் கூடிக்கொள்ளும்.

1950-களில் செய்த அந்தப் பிக்கப்புகள் இன்றைக்குத் தங்கம் விலை. ரகசிய ஃபார்முலா எதுவும் இல்லை. சுத்து எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறும். கைவசம் இருந்த ஆல்நிகோ ரகம் எதுவோ அது உள்ளே போனது. ஃபெண்டரில் கம்பியைக் கையால் வழிநடத்திச் சுத்தியவர்களில் அபிகெய்ல் இபாரா 1956-ல் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னாளில் அவர் கையெழுத்துப் போட்ட பிக்கப்புகளுக்குத் தனி மவுசு. 2013-ல்தான் ஓய்வு பெற்றார். அவர் பெயராவது வெளியே தெரிந்தது. கூட உட்கார்ந்து சுத்திய மத்தவங்க?

'விண்டேஜ் சவுண்ட்'னு நாம தேடுவதில் பாதி, யாரோ ஒருத்தரின் விரல் பழக்கம். மாமாவின் கிதாரில் இருந்த அந்தப் பழக்கத்தை ஒரே கீறில் தொலைத்தவன் நான். அந்தக் காயிலை எடை போட்டிருந்தால்கூட நீளத்தையும் சுத்தையும் உத்தேசமாகக் கணக்குப் போட்டிருக்கலாம்.

கிளம்பும்போது அண்ணன் பிக்கப்பை வாங்கி, அடியில் மார்க்கரால் எழுதிக் கொடுத்தார்: 46 கேஜ், 7,800, தேதி. "அடுத்து பிரிக்கிறவன் எண்ண வேண்டாம் பாருங்க" என்றார். தன் பேரை எழுதவில்லை. எழுதச் சொல்லணும்னு எனக்கும் அப்போ தோணல.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரணில் பழைய கிதாரோ ரேடியோவோ இருந்தால், பிரிக்கும் முன் எண்ணுங்க. பிளேடை அப்புறம் எடுத்துக்கலாம்.