மனு எழுதிக் கொடுத்த பாதிரிகள்

"ரெயினி ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன்" என்று சொல்கிறவர்கள் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து 1888இல் மெட்ராஸுக்கு வந்த டாக்டர் மெடில்டா மேக்ஃபெயில் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவ வேலைதான் 1914இல் அந்த ஆஸ்பத்திரியாக எழுந்தது. அவரை அனுப்பியது ஸ்காட்லாந்தின் ஃப்ரீ சர்ச். இந்தக் கதை நம் பகுதியில் ஓரளவுக்குத் தெரியும். அதே சபையின் ஆட்கள், அதே காலத்தில், நகரத்துக்கு வெளியே செங்கல்பட்டுச் சேரிகளில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. மாணவர்களோடு உட்காரும் போதெல்லாம் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டுவிடுகிறார்: "தோழர், நம்ம ஆளுங்க பால்பவுடருக்கும் கோதுமைக்கும்தான் மதம் மாறினாங்கன்னு காலேஜ்ல கிண்டல் பண்றாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது?" நான் சொல்லும் பதில் இதுதான்: பசியில் சோறு கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் 130 ஆண்டுகளுக்கு முன் நம் ஆட்கள் பாதிரியிடம் போய்க் கேட்டது வெறும் சோறு அல்ல. நிலம் கேட்டார்கள்.

அன்றைய செங்கல்பட்டு ஜில்லா மெட்ராஸ் நகரத்தைச் சுற்றிக் கிடந்தது. பொன்னேரி, திருவள்ளூர், சைதாப்பேட்டை எல்லாம் அதன் தாலுகாக்கள். திருவொற்றியூரும் எண்ணூரும்கூட அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தன. துறைமுகத்திலும் மில்லிலும் மூட்டை தூக்க வந்தவர்களில் நிறையப் பேர் அந்தச் சேரிகளிலிருந்து புறப்பட்டவர்கள். 1876 தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு கிராமத்தில் மிச்சம் இருந்தவர்கள்தான் பாதிரிகளின் வாசலுக்கும் வந்தார்கள்.

செங்கல்பட்டில் ஃப்ரீ சர்ச் பாதிரி ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி இருந்தார். கௌடி ஷெட்லாண்ட் தீவுக்காரர். 1880களின் தொடக்கத்தில் மெட்ராஸ் வந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் கிராமத்துக்குக் குடிபோனவர்.

இவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? முதல் ஓரிரு ஆண்டுகள் முன்ஷியிடம் தமிழ் படிப்பதிலேயே போகும். அந்த முன்ஷி பெரும்பாலும் மேல்சாதிக்காரர். அவர் சொல்லிக்கொடுத்தது ஏட்டுத் தமிழ். பரீட்சையில் தேறி ஊருக்குள் போன பிறகுதான், சேரியில் பேசுவது தனக்குப் புரியவில்லை, தான் பேசுவது அவர்களுக்கும் புரியவில்லை என்பது துரைக்குத் தெரியவரும். மாட்டுவண்டிப் பயணம், தோப்பில் கூடாரம், கொயினா மாத்திரையும் களிம்பும் உள்ள மருந்துப் பெட்டி. பகலில் சேரியில் ஆள் இருக்காது, எல்லாரும் கழனியில் இருப்பார்கள். பிள்ளைகள் மாடு மேய்க்கப் போயிருப்பார்கள். ஆகவே ஜெபமும் பாடமும் இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில்தான். பாதிரி மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவார். சேரியிலேயே தங்கி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், காலராவில் கூட இருந்தவர், அடி வாங்கியவர், சொற்பச் சம்பளத்தில் இருந்த உபதேசியார். மிஷன் அறிக்கைகளில் துரைக்குப் பெயர் இருக்கும். உபதேசியார் பல இடங்களில் வெறும் 'உபதேசியார்' மட்டுமே.

வெயில் காலத்தில் மலைக்குப் போவார்கள். பிள்ளைகளைப் படிக்க ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பங்களாவில் பட்லரும் ஆயாவும் சமையற்காரரும் உண்டு. மெட்ராஸில் வெள்ளைக்காரர் வீடுகளில் இந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பங்கு பறையர்கள்தான். சேரியைக் 'கண்டுபிடிப்பதற்கு' முன்பே துரை சேரியின் கைச்சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தார்!

இந்தப் பங்களா வாழ்க்கை லண்டனிலேயே சண்டையைக் கிளப்பியது. இந்தியாவில் ஓராண்டு போல இருந்துவிட்டு உடம்பு சரியில்லாமல் திரும்பிய ஹென்றி லன் என்ற வெஸ்லியன் பாதிரி, மிஷனரிகள் சொகுசாக வாழ்கிறார்கள், மேல்சாதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி கொடுப்பதில் பணத்தைக் கரைக்கிறார்கள் என்று 1889இல் பத்திரிகையில் எழுதினார். விசாரணை நடந்தது, மிஷனரிகள் மேல் தப்பில்லை என்று முடித்தார்கள். (பிற்பாடு சுற்றுலாக் கம்பெனி நடத்திப் பெரிய ஆளானவரும் இதே லன்தான்.) ஆனால் கேள்வி நிஜமானது. காலேஜில் மேல்சாதி மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியர் நடத்துவதா, சேரிக்குப் போவதா? கௌடி சேரி என்றார்.

சேரிக்குள் போனதும் ஒரு சின்ன விஷயத்தில் மாட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் கட்ட ஒரு துண்டு இடம் வேண்டும். சேரி மக்கள் தாராளமாகத் தருகிறோம் என்பார்கள். கூரை போட்ட மறுநாள் மிராசுதார் வந்து நிற்பார்: "இந்த மண் என்னுடையது." பள்ளிக்கூடம் நின்ற இடம் மட்டுமல்ல, அந்த மக்களின் குடிசைகள் இருந்த சேரி நத்தமே தன்னுடையது என்பார். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவனுக்குத் தன் குடிசை அடிமண் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், கூலி கூடக் கேட்டால், "வீட்டைக் காலி பண்ணு". ஒரு படியாள் ஏன் ஊரைவிட்டுப் போக முடியவில்லை, ஏன் வாய் திறக்க முடியவில்லை என்பதற்கான விடை இதில்தான் இருந்தது.

சரி, வேறு இடம் கேட்கலாமே? தரிசு நிலம் வேண்டுமென்றால் தாசில்தாரிடம் தர்காஸ்து போட வேண்டும். ஆனால் செங்கல்பட்டில் மிராசுதாருக்கு முன்னுரிமை. ஒரு பறையர் தர்காஸ்து போட்டால், "அதை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவரை முள் மண்டிக் கிடந்த நிலத்துக்குத் திடீரென்று ஆசை வந்துவிடும். கணக்குப்பிள்ளையும் அவர் பக்கம், முன்சீப்பும் அவர் பக்கம்.

இங்கேதான் பாதிரியின் அன்றாடம் மாறியது. பைபிள் வகுப்புக்கு நடுவில் மனு எழுதும் வேலை புகுந்தது. தாலுகா கச்சேரிப் படி ஏறவே முடியாதவனுக்காக வெள்ளைக்காரர் போய் நின்றால் தாசில்தார் நாற்காலி போடுவார். நம் முன்னோர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் அவர்களைத் தேடிப் போனார்கள். மிஷனரிகளோ ஆரம்பத்தில் கையைப் பிசைந்தார்கள். ஆத்துமாவுக்காக வருகிறானா, வழக்குக்காக வருகிறானா என்று சந்தேகப்பட்டு, ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டு, காரணத்தைத் துருவினார்கள். இந்தக் காலத்தை ஆராய்ந்த ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியான தன் நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். பாதிரிகள் போய்ச் சேரியை எழுப்பவில்லை, சேரிதான் பாதிரிகளை இழுத்துவந்தது. என் படிப்பும் எனக்கு அதையே சொல்கிறது.

ஆண்ட்ரூவும் மற்ற மிஷனரிகளும் அரசுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். ஜில்லாவின் பொறுப்புக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய தன் குறிப்பை அரசுக்குக் கொடுத்தார். கடனுக்குத் தன்னையே அடகு வைத்து எழுதிக் கொடுத்த பத்திரங்கள், குடியிருப்பு மனையின் நிலை, தர்காஸ்தில் நடக்கும் சூழ்ச்சி எல்லாம் அதில் இருந்தன. ரெவின்யூ போர்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010ஏ எண்ணிட்ட அரசாணைகள் வந்தன. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்க அவை வழிவிட்டன. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் வேர் அதுதான். கௌடி விடவில்லை. பறையர்களையும் நிலத்தையும் பற்றி 1894இல் மிஷனரிப் பத்திரிகையில் தனிக் கட்டுரையே எழுதினார்.

அதற்காக இவர்களுக்கு மாலை போட்டு உட்கார வேண்டாம். ஆண்ட்ரூ தர்காஸ்தில் நிலம் வாங்கி மெல்ரோசாபுரம் போன்ற குடியேற்றங்களை உருவாக்கினார், நல்லது. ஆனால் நிலம் மிஷன் கையில் இருந்தால் மக்கள் மிஷனின் குடியானவர்கள்தானே? குடிக்கக்கூடாது, ஞாயிறு கோயிலுக்கு வர வேண்டும் என்ற ஒழுங்குகளும் கூடவே வந்தன. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தனியாக உட்கார்ந்த தேவாலயங்களும் இதே தமிழ்நாட்டில் இருந்தன. அரசு மிஷனரி சொன்னால் காது கொடுத்தது, நம் ஆள் நேரில் சொன்னால் கொடுக்கவில்லை. அந்த நிலையை உடைக்க நம்மவர்களே கிளம்பினார்கள். இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் படியுங்கள். மனுவை இன்னொருவர் எழுதித்தர வேண்டிய காலம் முடியத் தொடங்கியது.

அந்த நிலம் என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. 1994 அக்டோபர் 10 அன்று, பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. 1950இல் வந்த ஜனாதிபதி ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான் நிற்கிறார். அரசாணை வாங்கித் தந்த மனுக்களில் அவருடைய தாத்தாவின் கைநாட்டும் இருந்திருக்கலாம்.

திருவொற்றியூர், பொன்னேரிப் பக்கம் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள், தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்றோ 'நிபந்தனை' என்றோ எழுதியிருக்கும் சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களில் இப்போது என்ன நிற்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். குடோனா, கண்டெய்னர் யார்டா, கழனியா என்று எனக்கு எழுதுங்கள்.