தேயும் வட்டு

ஓடும் வண்டியை நிறுத்துவதாவது, அதன் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே. அவ்வெப்பத்தைப் போக்க மனிதர் கண்ட வழிகளே பிரேக்கின் வரலாறு என்பேன்.

1902-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிரடெரிக் லான்செஸ்டர் என்னும் பொறியியலாளர், சக்கரத்தோடு சுழலும் வட்டை இருபுறமும் கட்டைகளால் பற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கையாண்ட செப்புக் கட்டைகள் விரைவில் தேய்ந்தன, கிரீச்சிட்டன. ஆகவே டிரம் பிரேக்கே நெடுநாள் நிலைத்தது. 1953-இல் பிரான்சு நாட்டில் நடைபெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் வட்டு பிரேக் பூண்ட ஜாகுவார் கார் வென்றது. மூடிய டிரம்மைப் போலன்றி, திறந்த வட்டின் வெப்பத்தைக் காற்று கவர்ந்து சென்றமையால், மீண்டும் மீண்டும் மிதித்தும் பிரேக் தளரவில்லை.

ஆயினும் வட்டும் தேயும். மெலிந்த வட்டு விரைவில் சூடேறும். எக்குணத்தால் வென்றதோ அக்குணத்தையே இழக்கும். பிரேக்கை மிதிக்கையில் மிதியும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால், வட்டின் தடிமன் சீர்கெட்டிருக்கலாம். ஆழ்ந்த வரிப்பள்ளம், விரிசல், விளிம்பில் எழுந்த வரம்பு ஆகியவையும் எச்சரிக்கைகளே. எனினும் கண் மட்டும் போதாது. குறைந்தபட்சத் தடிமனைப் பெரும்பாலும் வட்டின்மீதே பொறித்திருப்பர். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பழகிய திருகு அளவியைப் போன்ற கருவியால் அளந்து, அவ்வெல்லைக்குக் கீழே மெலிந்திருப்பின், இடம் வலம் இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். அது வண்டியில் அமர்ந்தோர்க்கும் வீதியில் நடப்போர்க்கும் நாம் ஆற்றும் கடமையாகும்.