சேராக் கையும் முன்னூற்று நாலும்

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905ஆம் ஆண்டில் கிளை இருப்புப்பாதை அமைந்தது. சப்பானியர் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மலாயா இரயில்வேயில் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் பணியாற்றியோருள் யாழ்ப்பாணத் தமிழர் பலராவர். அவர்தம் ஊர்ச் சீட்டாட்டம் 'முன்னூற்று நாலு'. ஆங்கிலேயர் மன்றங்களிலோ 'பிரிட்ஜ்' ஆடப்பெற்றது. இரண்டிலும் கேள்வி கேட்டே துருப்பைப் பெறுதல் வேண்டும். எவ்வினத்திலும் நீளாத கை வந்தால் என் செய்வது?

பிரிட்ஜில் 13 சீட்டுகள் 4-4-4-1 எனப் பிரிவது நூற்றுக்கு மூன்று முறையே. ஆயினும், அந்த ஒற்றைச் சீட்டின் இனத்தையே கூட்டாளி கேட்டுவிட்டால் அடுத்த கேள்வி எளிதில் அமையாது. 1957இல் பெர்முடா கிண்ணம் வென்ற இத்தாலியக் குழுவினரான பெல்லடோனாவும் அவரெல்லியும் ஆடிய 'ரோமன்' முறை, 'இரண்டு கிளாவர்', 'இரண்டு டைமன்' என்னும் தொடக்கக் கேள்விகளை இத்தகைய மூவினக் கைக்கென்றே ஒதுக்கிற்று.

முன்னூற்று நாலில் முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்தே 160இலிருந்து கேட்கவேண்டும். நான்கும் இனத்துக்கு ஒன்றாக வருதல், கணக்கிட்டால், ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒரு முறை நேரும். கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். திறக்கும்வரை கூட்டாளியும் அறியார். எஞ்சிய நான்கில் அவ்வினம் வரும் என்னும் நம்பிக்கையே துணை.

ஆகவே, கையின் குறையைப் பிரிட்ஜ் சொல்லித் தீர்க்கின்றது; முன்னூற்று நாலு மறைத்துத் தீர்க்கின்றது. முன்னதன் முறைகள் நூலேறின; பின்னதன் கேள்வி வழக்குகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கின்றன. ஆங்கிலேயர் 'கிளப்' என்பதை நாம் டச்சுச் சொல்லால் 'கிளாவர்' என்கிறோம். ஒரு சொல்லே இத்துணை வரலாறு கூறுமாயின், மூத்தோர் உள்ளபோதே அவர்தம் வழக்குகளை எழுதிவைத்தல் நம் கடனன்றோ?